புகார் நிலுவையில் உள்ளது

பிப்ரவரியில் விதை போட்டேன்.
வெளியே உறைநிலைக்கு இருபத்தாறு பாகை கீழே.
பின்லாந்தின் இடுப்பில், கயானித் தெருக்களில்,
நான் ஓட்டும் பனிவாரி வண்டி
விடியும்வரை உறுமும்.
வீட்டில், ஃபிரிட்ஜின் தலைமேல்,
ஈரக் காகிதத்துக்குள் ஒன்பது மிளகாய் விதைகள்.
பூட்ஸைக் கழற்றும் முன்பே
காகிதத்தைப் பிரித்துப் பார்ப்பேன்.
பதினோராம் நாள்
ஒன்று மட்டும் வெள்ளை வாலை நீட்டியிருந்தது.
ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல நினைத்து
"சரி" என்றேன்.

கடையில் கரிமண் மூட்டை மலிவுதான்.
சதுப்பை வெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்தது.
வேலைக்குப் போகும் வழியில் அந்த இடம் தெரியும்:
நாரைகள் இறங்கிக்கொண்டிருந்த இடத்தில்
டிராக்டர் தடம் மட்டும் இறங்குகிறது.
வேண்டாம், மண்ணை நானே செய்துகொள்கிறேன்.

என் முற்றத்தில் இருந்தது மண்ணே அல்ல.
வீடு கட்டியவர்கள் விட்டுப்போன ஜல்லி,
அதன்மேல் சீட்டு விளையாடுவதுபோல் நான்கு விரல் புல்.
முதல் வருடம் லாயத்திலிருந்து பச்சைச் சாணியை
அப்படியே அள்ளிக் கொட்டி
செடிகளைக் கொன்றேன்.
லாயக்காரி வெர்னா சிரிக்கவில்லை.
"கோபம் ஆறட்டும், பிறகு கொடு" என்றாள்,
குதிரையைச் சொன்னாளா சாணியைச் சொன்னாளா தெரியாது.

அதன் பிறகு ஆறவிட்டேன்.
பிர்ச் இலைகளைச் சாக்கில் கட்டி
இரண்டு குளிர்காலம் மறந்துபோனேன்.
சௌனா அடுப்பின் சாம்பல், ஒரு கைப்பிடிக்கு மேல் இல்லை.
பனிவாரிக் கூடத்தில் பதினாறு பேர்
தூங்காமலிருக்கக் குடித்த காப்பியின் சக்கையை
வாளியில் சுமந்து வந்தேன்;
எங்கள் விழிப்பு முழுக்க அதில் கறுப்பாய் இருந்தது.
மண்புழுக்கள் எங்கிருந்து வந்தன?
யாரும் அழைக்கவில்லை.
ஒரு நாள் மண்வெட்டி நுனியில்
ஈர இளஞ்சிவப்பாய் நெளிந்தது ஒன்று.
அன்று வேலைக்குத் தாமதமாகப் போனேன்.

தொட்டியில் ஊறிய செந்தட்டிதான் வம்பு.
மூன்றாம் வாரம் அதன் வாடை
வேலி தாண்டி டைஸ்தோவின் சமையலறைக்குள் நுழைந்தது.
அவர் கத்தவில்லை, எழுதினார்.
குடியிருப்புச் சங்கத்துக்கு, மூன்று பக்கம்,
வரிசை எண் போட்டு.
ஐந்தாம் எண்: "குவியலிலிருந்து ஆவி வருகிறது."
அதைப் பெருமையாகவே படித்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் வானொலி மூன்று பாகை என்றது.
இரவு ஒன்றரைக்குக் கண்ணாடியில் பூ விழுந்திருந்தது.
பழைய ஜன்னல்களால் நான் கட்டிய கூண்டு
குளிரைத் தடுக்கவில்லை, பத்திரப்படுத்தியது.
ஆறு தொட்டிகள்.
காய்கள் இன்னும் பச்சை, விரல் கனம், காரம் ஏறாதவை.
குவியலில் கம்பி வெப்பமானியைக் குத்தினேன்:
நாற்பத்தெட்டு.
மண்வெட்டி எடுத்தேன்.
அதன் விலாவைச் சுற்றிப் பள்ளம் பறித்து
தொட்டிகளைக் கழுத்துவரை புதைத்தேன்,
தாய்ப்பன்றியைச் சுற்றிக் குட்டிகள்போல.
என் ஆரஞ்சு வேலைக்கோட்டைப் போர்த்தினேன்.
ஐந்துக்குத்தான் எட்டியது.
ஆறாவதைப் பார்க்காமல் போய்ப் படுத்தேன்.

ஏழு மணிக்குப் புல் கண்ணாடித்தூளாய் நொறுங்கிற்று.
ஆறாவது தொட்டியின் மேல்
கட்டம் போட்ட கம்பளி ஒன்று,
துணிக்கிளிப்பில் ஒரு சீட்டு:
"புகார் நிலுவையில் உள்ளது. டைஸ்தோ."

செப்டம்பர் முழுக்க
காய்கள் அவசரமின்றிச் சிவந்தன.
பதினேழு.
குவியல் மெல்ல ஆறிக்கொண்டே
தன் சூட்டை எங்கோ மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

துவைத்து மடித்த கம்பளியின் மேல்
ஒரு பழம் வைத்து அவர் வாசலில் விட்டேன்.
எச்சரிக்கை எழுத நினைத்தேன்,
வரிசை எண் போட்டு.
எழுதவில்லை.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.
அன்று இரவு சாப்பாட்டு வேளையில்
நாற்காலி ஒன்று சடாரென்று பின்னுக்குப் போன சத்தம்.
இருமல்.
பிறகு குழாய் திறந்தது.
அது மூடுவதற்காக
கையில் கரண்டியோடு
வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.